தாய் மட்டும் போதுமா?
பூச்சிகளும் பிற விலங்குகளும் இனம் பெருக்கும் வழிகள்

உலகில் தோன்றிய எந்த உயிரும் என்றும் நிலைத்திருப்பதில்லை. தனியுயிர்கள் மறைந்தாலும் உயிரினங்கள் தொடர்கின்றன. இத்தொடர்ச்சிக்கு வழிகோலுவது இனப்பெருக்கம். பிள்ளை பிறக்கத் தாயும் வேண்டும், தந்தையும் வேண்டும் என்பது நாம் நாள்தோறும் காணும் உண்மை. ஆடு, மாடு, கோழி முதலிய வளர்ப்பு விலங்குகளும் இதையே மெய்ப்பிக்கின்றன. ஆயினும் விலங்குலகம் முழுவதையும் எடுத்து நோக்கினால், தந்தையின்றிப் பிறக்கும் உயிர்கள் பலவற்றைக் காண்கிறோம். அவற்றுட் சில எமது வீட்டுத் தோட்டத்து ரோசாச் செடியிலேயே வாழ்கின்றன.

தாய் ஒருத்தியே போதுமாயின், ஆண் என்னும் பிரிவை இயற்கை எதற்காக வைத்திருக்கின்றது? உயிரியல் அறிஞர்களை நெடுங்காலம் சிந்திக்க வைத்த வினா இது. இதற்கான விடையை எளிய எடுத்துக்காட்டுகள் வாயிலாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை இனப்பெருக்கம்

ஆணின் விந்தும் பெண்ணின் முட்டையும் இணைந்து புதிய உயிர் தோன்றுவது இலிங்கமுறை இனப்பெருக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைப் பாலினப்பெருக்கம் என்று கூறும். உயிரின் இயல்புகளைத் தீர்மானிக்கும் பரம்பரைச் செய்திகள், உடலின் ஒவ்வொரு கலத்திலும் நூலிழை போன்ற பொருள்களில் அடங்கியுள்ளன. இவற்றை இலங்கைப் பாடநூல்கள் நிறமூர்த்தங்கள் என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குரோமோசோம்கள் என்றும் வழங்கும். மனிதரில் இவை 46. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 எனப் பெறுகிறோம். ஒவ்வொரு விந்தும் ஒவ்வொரு முட்டையும் உருவாகும்போது இச்செய்திகள் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து அடுக்கப்படுகின்றன. அதனாலேதான் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பதில்லை.

இணைசேர்தல் இன்றி ஓருயிர் தன்னிலிருந்தே மற்றோர் உயிரைத் தோற்றுவித்தால் அது இலிங்கமில் முறை இனப்பெருக்கம். இங்கே பிள்ளை பெரும்பாலும் தாயின் படியாகவே அமையும்.

ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஓருடலில் அமைந்த மண்புழுவை இவ்விரண்டாம் வகையில் சேர்த்தல் பொருந்தாது. இரண்டு மண்புழுக்கள் கூடி விந்தைப் பரிமாறிக் கொண்ட பின்னரே முட்டையிடுகின்றன. ஆகவே அதுவும் இலிங்கமுறையே.

வெட்டினாலும் வளரும் ஹைட்ரா

இலிங்கமில் முறையின் மிக எளிய வடிவத்தை ஹைட்ரா என்னும் நன்னீர்ச் சிற்றுயிரில் காணலாம். 1740ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் ஒரு பிரபுவின் புதல்வர்களுக்கு ஆசிரியராக விளங்கியவர் ஆபிரகாம் டிரெம்பிளே. குட்டை நீரிலிருந்து எடுத்த பச்சை நிறச் சிற்றுயிர் ஒன்று தாவரமா, விலங்கா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. அதனை இரண்டாக வெட்டிப் பார்த்தார். தாவரமாயின் தளிர்க்கும், விலங்காயின் இறக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் அசைந்து திரிந்து இரைபிடிக்கும் அவ்விலங்கின் இரு துண்டுகளும் இரு முழு உயிர்களாக வளர்ந்தன! 1744இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பிய அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது.

ஹைட்ராவின் உடலில் மரத்தின் அரும்பைப் போல ஒரு மொட்டுத் தோன்றும். அது வளர்ந்து வாயும் உணர்கொம்புகளும் பெற்றுத் தாயினின்று பிரிந்து செல்லும். இதனை அரும்புதல் என்பர். உணவு நிறைந்த காலத்தில் இவ்வாறு பெருகும் ஹைட்ரா, குளிரோ பஞ்சமோ நெருங்கும்போது பலவேளைகளில் இலிங்கமுறைக்கு மாறுகின்றது. நல்ல காலத்தில் ஒருவழி, கெட்ட காலத்தில் வேறுவழி என்னும் இக்குறிப்பை வாசகர்கள் மனத்திற் கொள்க.

பழனிமலையிலிருந்து வந்த குச்சிப்பூச்சி

இங்கிலாந்திலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் ஆரம்பப் பாடசாலை வகுப்பறைகளில், கண்ணாடிப் பெட்டிக்குள் குச்சிப்பூச்சிகளை வளர்ப்பதுண்டு. காய்ந்த சுள்ளியைப் போன்ற தோற்றம், ஏறத்தாழ எட்டுச் சென்ரிமீற்றர் நீளம், பகலில் அசையாமை, இரவில் இலைகளை உண்ணல் ஆகியவை இவற்றின் இயல்புகள். எமது பிள்ளைகள் பலரும் இவற்றைக் கையில் ஏந்தியிருப்பர். இவற்றின் பூர்வீகம் தமிழ்நாடு என்பதைப் பலர் அறியார். கொடைக்கானலை அடுத்த பழனிமலைத் தொடரில் உள்ள செண்பகனூரில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு, 1901இல் சினெத்தி என்னும் அறிஞர் இவ்வினத்தை அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பிய ஆய்வுகூடங்களிலும் பாடசாலைகளிலும் இவை வாழையடி வாழையாக வளர்ந்து வருகின்றன.

இவ்வளர்ப்புப் பூச்சிகள் ஏறக்குறைய அனைத்தும் பெண்களே. ஆண் தோன்றுதல் மிக அரிது. ஒரு பெண் தனித்தே வளர்ந்து, எந்த ஆணையும் காணாமலே, சிறு விதைகளைப் போன்ற நூற்றுக்கணக்கான முட்டைகளை நிலத்தில் உதிர்க்கும். சில மாதங்களின் பின் அவற்றிலிருந்து பெண்குஞ்சுகள் வெளிவரும். கருக்கட்டாத முட்டை இவ்வாறு உயிராக வளர்வதைக் கன்னிப்பிறப்பு என்பர். பார்த்தினோஜெனிசிஸ் என்னும் கிரேக்க வழிச் சொல்லின் நேர்ப்பொருளும் இதுவே.

ஒரேயொரு முட்டை தவறி வெளியே விழுந்தாலும் அது ஒரு புதிய குடியேற்றமாக மாறக்கூடும். இவ்வினம் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியிலும் தென்னாபிரிக்காவிலும் கலிபோர்னியாவிலும் காட்டுயிராகப் பரவியது இவ்வாறே. ஆகையால் பெட்டியைத் துப்புரவு செய்யும் பிள்ளைகள் முட்டைகளைத் தோட்டத்திற் கொட்டலாகாது.

தமிழர் வாழும் நிலத்திற்கு நன்கு பழக்கமான மற்றோர் உயிரும் இவ்வழியே உலகை வலம் வந்துள்ளது. மண்புழுவைப் போலத் தோன்றும் புழுப்பாம்பே அது. இவ்வினத்தில் அறியப்பட்டவை யாவும் பெண்களே. பூந்தொட்டி மண்ணுக்குள் ஒளிந்து கண்டங்கள் பலவற்றை அடைந்த இதனை மேனாட்டார் பூந்தொட்டிப் பாம்பு என்றே அழைப்பர். துணையின்றிப் பெருக வல்ல உயிருக்கு ஒரு தொட்டி மண்ணே ஒரு கப்பலாகி விடுகின்றது!

அசுவினியின் ஆண்டுக் கணக்கு

செடிகளின் இளந்தண்டில் மொய்த்துச் சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளைத் தமிழ்நாட்டில் அசுவினி என்றும் இலங்கையில் அழுக்கணவன் என்றும் கூறுவர். 1740இல் ஜெனீவா நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் பொன்னே என்னும் இருபது வயது இளைஞர், அப்போதுதான் பிறந்த அசுவினி ஒன்றை ஒரு சிறு கிளையில் விட்டுக் கண்ணாடிக் குவளையால் மூடினார். வேறெந்தப் பூச்சியும் அதனை அணுக இயலாது. நாள்தோறும் உருப்பெருக்குக் கண்ணாடியால் அதனைக் கவனித்துக் குறித்து வந்தார். வளர்ந்த அப்பூச்சி ஏறத்தாழ மூன்று வாரங்களில் 95 குஞ்சுகளை ஈன்றது. விலங்குகளிற் கன்னிப்பிறப்பை ஐயத்திற்கிடமின்றி நிறுவிய முதல் ஆய்வு இது எனலாம்.

வசந்தகாலத்தில் முட்டையிலிருந்து வெளிவரும் பெண் அசுவினி, முட்டையிடாமல் நேரே குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சுகளும் பெண்களே. பிறக்கும்போதே அவற்றின் வயிற்றில் அடுத்த தலைமுறையின் கருக்கள் வளரத் தொடங்கியிருக்கும். அதாவது, பாட்டியின் வயிற்றிலேயே பேத்தியும் இருக்கின்றாள்! கோடையில் பிறந்த குஞ்சு ஒன்றிரண்டு வாரங்களில் தாயாகி விடுவதால், ஓரிரு பூச்சிகளைக் கண்ட செடியில் மறுவாரம் நூற்றுக்கணக்கானவற்றைக் காண்கிறோம். இடநெருக்கடி ஏற்பட்டால் சிறகுள்ள பெண்கள் தோன்றி வேறு செடிகளுக்குப் பறந்து செல்லும்.

இலையுதிர்காலத்தில் பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் நிலைமை மாறும். அப்போதுதான் ஆண் அசுவினிகளும் முட்டையிடும் பெண்களும் தோன்றுகின்றன. அவை கூடி இடும் முட்டைகள் பனிக்காலத்தைத் தாங்கிக் கிடந்து வசந்தத்தில் பொரிக்கும். ஹைட்ராவில் நாம் கண்ட ஒழுங்கே இங்கும் அமைந்துள்ளது. அவசரமாகப் பெருக வேண்டிய கோடைக்குத் தாய் மட்டும் போதும். எப்படி விடியும் என்று தெரியாத அடுத்த ஆண்டிற்குத் தந்தையும் தேவைப்படுகின்றான்.

தேனீயின் விடுகதை

தந்தையில்லை, ஆனால் பாட்டனுண்டு. மகனில்லை, ஆனால் பேரனுண்டு. அவன் யார்? விடை: ஆண் தேனீ.

இராணித்தேனீ தான் கூடிய ஆண்களின் விந்தைத் தன்னுடலில் உள்ள ஒரு சிறு பையில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். முட்டையிடும்போது விந்துடன் சேர்த்து இட்டால், 32 நிறமூர்த்தங்களுடன் பெண் பிறக்கும். விந்தின்றி இட்டால், 16 நிறமூர்த்தங்களுடன் ஆண் பிறக்கும். இவ்வுண்மையை 1845இல் எடுத்துரைத்தவர் சிலேசியா நாட்டுக் கத்தோலிக்க குருவும் தேனீ வளர்ப்பாளருமான யான் சீர்சோன் ஆவார். அன்று இக்கருத்துப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. பின்னர் ஆய்வாளர்கள் அதனையே உறுதிப்படுத்தினர்.

கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஓர் ஆண் தேனீயின் மூதாதையரைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். பெற்றோர் 1, அவருடைய பெற்றோர் 2, அடுத்து 3, பின் 5, பின் 8 என எண்கள் வளரும். ஒவ்வோர் எண்ணும் அதற்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. இதுவே கணிதம் கூறும் பிபனாச்சித் தொடராகும்.

முதுகெலும்புள்ளவற்றிலும் உண்டு

கன்னிப்பிறப்புச் சிற்றுயிர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பகுதியில் பெண்கள் மட்டுமே உள்ள பல்லியினம் ஒன்று வாழ்கின்றது. 2001இல் அமெரிக்காவின் ஒமாகா நகர விலங்குக் காட்சியகத்தில், பெண்கள் மட்டும் இருந்த தொட்டியில் ஒரு சுறாக்குட்டி பிறந்தது. அதற்குத் தந்தையில்லை என்பதைப் பரம்பரையலகுச் சோதனை 2007இல் உறுதிசெய்தது. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகத்தில், ஆணோடு ஒருபோதும் சேர்ந்து வாழாத புளோரா என்னும் கொமோடோ உடும்பு முட்டையிட்டது. 2006இல் அவை தந்தையற்றவை என்று கண்டறியப்பட்டது. 2007 சனவரியில் குஞ்சுகள் வெளிவந்தன. அனைத்தும் ஆண்களே!

இது எவ்வாறு என வாசகர்கள் வினவலாம். மனிதரில் ஆணுக்கே இருவேறு வகைப் பால் நிறமூர்த்தங்கள் உண்டு. கொமோடோவிலோ பெண்ணுக்கே அவை உண்டு. தாயின் ஒருபாதிச் செய்தி தன்னைத்தானே இரட்டிப்பாக்கும்போது, உயிர்வாழத் தக்கதாய் அமைவது ஆண் மட்டுமே. இக்குஞ்சுகள் தாயின் முழுப்படிகள் அல்ல என்பதையும் இதனால் அறியலாம்.

அவ்வாறாயின் ஆண் எதற்கு?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு தீவில் தனித்துப் பெருகும் பெண் ஒன்று. மற்றொரு தீவில் ஆணும் பெண்ணுமாக ஓரிணை. ஒவ்வொரு தாய்க்கும் நான்கு பிள்ளைகள் எனக் கொள்வோம். முதற்றீவில் 4, 16, 64 என மூன்று தலைமுறைகள் வளரும். இரண்டாவதில் பிள்ளைகளிற் பாதி ஆண்கள். அவை ஈனுவதில்லை. ஆகவே 4, 8, 16 என்றே வளரும். பிரித்தானிய உயிரியலாளர் ஜோன் மேனாட் ஸ்மித் இதனை இலிங்கமுறையின் இருமடங்குச் செலவு என விளக்கினார். இத்துணைச் செலவு மிக்க முறை விலங்குலகில் இவ்வளவு பரந்து காணப்படுமாயின், அதற்கேற்ற பெரும் பயன் இருத்தல் வேண்டும்.

முதற்பயன் பிழை நீக்கம். அச்சு இயந்திரம் வருமுன் எமது நூல்கள் ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் படியெடுக்கப்பட்டன. ஓர் ஏட்டை மட்டும் பார்த்துப் படியெடுத்தால் அதன் பிழையும் சேர்ந்தே வரும். எழுதுவோரின் புதுப்பிழையும் அதனோடு கூடும். உ. வே. சாமிநாதையர் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டதாலேயே பிழை நீங்கிய பதிப்புகள் எமக்குக் கிடைத்தன. பரம்பரைச் செய்தியும் அத்தகையதே. தாயேடு ஒன்றையே படியெடுக்கும் இனத்தில் தவறுகள் தலைமுறைதோறும் சேர்ந்து கொண்டே போகும். இரண்டு ஏடுகள் கலக்கும் இனத்தில், பிழை குறைந்த பிள்ளைகள் தோன்றி நிலைக்க வழியுண்டு.

இரண்டாம் பயன் நோயெதிர்ப்பு. ஒரு தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே பூட்டு எனின், கள்வனுக்கு ஒரு திறப்புப் போதும். நோய்க்கிருமிகள் அக்கள்வனைப் போன்றவை. ஒவ்வொரு தலைமுறையிலும் பூட்டு மாறிக் கொண்டேயிருந்தால் கிருமியும் புதிய திறப்பைத் தேடி அலைய வேண்டும். 1973இல் லீ வான் வேலன் என்னும் அமெரிக்க அறிஞர், உயிரினங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு இடையறாது மாறிக்கொண்டே இருப்பதற்குச் செவ்வரசிக் கருதுகோள் எனப் பெயரிட்டார். நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓயாது ஓட வேண்டிய நாடொன்றைக் காட்டும் லூயிஸ் கரோலின் சிறுவர் கதையிலிருந்து பெற்ற பெயர் அது.

இக்கருத்திற்கு நியூசிலாந்து ஏரிகளில் வாழும் சின்னஞ்சிறு நத்தை ஒன்று சான்று பகர்கின்றது. இவ்வினத்தில் ஆணோடு கூடிப் பெருகுவனவும் உண்டு, தனித்துப் பெருகும் பெண்களும் உண்டு. கேர்ட்டிஸ் லைவ்லி என்னும் ஆய்வாளர் பல நீர்நிலைகளை ஆராய்ந்து, ஒட்டுண்ணிப் புழுக்கள் மலிந்த இடங்களில் ஆண்கள் மிகுதியாக இருப்பதை 1987இல் அறிவித்தார். தனித்துப் பெருகும் வகைகளுள் எது மிகப் பெருகியதோ, அதுவே காலப்போக்கில் ஒட்டுண்ணிக்கு இரையாகிக் குறைந்ததையும் பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

தேனீக் கூட்டிலும் இதே நியாயம் விளங்குகின்றது. இராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் கூடுவது வழக்கம். அதனாற் பிறக்கும் பலவகைப் பணித்தேனீக்களைக் கொண்ட கூடு, ஓர் ஆணின் மகள்களை மட்டும் கொண்ட கூட்டைவிட நோயை நன்கு தாங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பழனிமலை வாழையின் பாடம்

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. குச்சிப்பூச்சியின் தாயகமாகிய அதே பழனிமலைத் தொடரில் விளைவதே புகழ்பெற்ற விருப்பாச்சி மலைவாழை. விதையின்றிக் கன்றுகளால் பெருகும் வாழை, தாவரவுலகின் இலிங்கமில் முறைக்கு நல்ல சான்று. வாழையடி வாழை என வாழ்த்தும்போது நாம் போற்றுவதும் இத்தொடர்ச்சியையே. ஆனால் 1970களில் முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய் அம்மலைத் தோட்டங்களைப் பேரளவில் அழித்தது. அந்நோயைச் செடிக்குச் செடி காவுவது வாழை அசுவினி. அதுவும் பெரும்பாலும் பெண்களாகவே, தந்தையின்றிப் பெருகும் பூச்சி!

இருபக்கத்தையும் நோக்குக. அசுவினிக்குத் தனித்துப் பெருகும் விரைவு வெற்றியைத் தந்தது. வாழைக்கோ அதே முறை கேடாயிற்று. தாய்வாழையின் நோய் கன்றோடு கூடவே சென்றது. எல்லாக் கன்றுகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தமையால், ஒன்றை வீழ்த்திய நோய் அனைத்தையும் வீழ்த்தியது. பின்னர் ஆய்வுகூடத்தில் திசு வளர்ப்பு முறையால் நோயற்ற கன்றுகளை உருவாக்கியே அவ்வினத்தை மீட்க முயன்றனர். பல தலைமுறைகளாக அவ்வாழையை நம்பி வாழ்ந்த மலைக் குடும்பங்களுக்கு இது வயிற்றுப்பாட்டின் கேள்வியாயிற்று.

மனிதருக்கு இது இயலுமா?

இயலாது. பாலூட்டிகளிற் சில பரம்பரையலகுகள் தந்தையிடமிருந்து வந்தாற்றான் செயற்படும். வேறு சில தாயிடமிருந்து வந்தாற்றான் செயற்படும். 1984இல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானியும் அவர்தம் குழுவினரும் சுண்டெலிக் கருக்களைக் கொண்டு இதனை நிறுவினர். அதே ஆண்டில் அமெரிக்காவிலும் இம்முடிவு பெறப்பட்டது. தாயின் செய்தியை மட்டும் இருமடங்காகக் கொண்ட கரு வளர்ந்து முடிவதில்லை. 2004இல் யப்பானிய ஆய்வாளர்கள் இரு தாய்மாரைக் கொண்ட ககுயா என்னும் எலியை உருவாக்கினர். அதற்கும் பரம்பரையலகு ஒன்றைச் செயற்கையாக மாற்ற வேண்டியிருந்தது. எமது ஒவ்வோர் உடலிலும் தாயும் தந்தையும் பிரிக்கவொண்ணாது இணைந்தே இருக்கின்றனர்.

நிறைவாக

தாய் மட்டும் போதுமா என்னும் வினாவிற்கு, இன்று போதும், நாளைக்குப் போதாது என்பதே இயற்கை பெரும்பாலும் தரும் விடை. நிலைமை மாறாதவரை படியெடுத்தல் விரைவானது, சிக்கனமானது. நிலைமை மாறும்போது வேறுபாடே காக்கின்றது. விதிவிலக்குகளும் உண்டு. பெடலாய்டு எனப்படும் நுண்ணுயிர் விலங்குகளில் ஆண் எதுவும் கண்டறியப்படாத போதும், அவை கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து வந்துள்ளன. அவை எவ்வாறு தப்பின என்பது இன்றும் ஆய்வுக்குரிய பொருள்.

இனப்பெருக்கம் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் பேச்சை மாற்றுவது எம்மிடையே வழக்கமாகி விட்டது. கூச்சமின்றித் தொடங்க ரோசாச் செடியும் அசுவினியும் நல்ல துணைகள். வைகாசி மாதத்தில் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் தோட்டத்திற்குச் செல்லுங்கள். இளந்தண்டில் பெரிய அசுவினி ஒன்றைத் தேர்ந்து பொறுமையாகப் பாருங்கள். அதன் பின்புறத்திலிருந்து கால்களை மடக்கியவாறு ஒரு குஞ்சு வெளிவருவதைக் காணும் பேறு கிட்டலாம். சார்ல்ஸ் பொன்னே கண்டதும் அதுவே. கண்டதை நாள்தோறும் தமிழில் எழுதி வையுங்கள். மாணவர் கையெழுத்து ஏட்டிற்கு அதைவிடச் சிறந்த கட்டுரை வேறில்லை.